நாத்தனாருக்கு வைத்த சந்தனம்

கோகிலவாணி படித்த லீவு லெட்டர்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் அவள் உயரத்தைத் தாண்டிவிடும். நீரோட்டம் பம்ப் கம்பெனியில் மனிதவள மேலாளராக அவளுக்குப் பத்தொன்பது வருஷம். ஒரே சித்தப்பாவுக்கு மூன்று தடவை காரியம் செய்தவரைப் பார்த்திருக்கிறாள். காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் ஊட்டித் தொப்பியைக் கழற்ற மறந்து வேலைக்கு வந்தவரையும் பார்த்திருக்கிறாள். "எருமை கன்று போட்டிருக்கிறது, நான் இல்லாவிட்டால் கறக்க விடாது" என்று ஒருவர் எழுதியதை மட்டும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். அது சத்தியமான உண்மை. இரண்டு நாள் கழித்துச் சீம்பால் அவள் மேஜைக்கே வந்தது.

அதனால் ஆடி முதல் தேதியிலிருந்து இந்தக் கம்பெனியில் லீவு லெட்டரே கிடையாது என்று முதலாளி குழந்தைசாமி அறிவித்தபோது, கூட்டத்தில் முதலில் கைதட்டியது கோகிலவாணிதான்.

லீவு லெட்டருக்குப் பதிலாக வந்தது தளர்வுமானி. கேட்டருகே ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைக் கம்பம், உச்சியில் உள்ளங்கை அகலத்தில் வட்டமான கண்ணாடி, பக்கத்தில் ஒருவர் மட்டும் நுழையக்கூடிய சுழல்கதவு. அதைப் பொருத்த வந்த பொறியாளர் பிரணவ், சின்ன வயதுப் பையனாக இருந்தாலும் பொறுமையாக விளக்கினான்.

"ஒண்ணுமில்ல மேடம். முகத்துக்கு அடியில ரத்தம் ஓடுற நிறத்தை இந்தக் கண்ணாடி பார்க்கும். கண்ணு, மூச்சு, நடை எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்து, இந்த ஆளுக்கு ஓய்வு வேணுமா வேண்டாமான்னு அதுவே முடிவு பண்ணும். பச்சை விளக்குன்னா கதவு திறக்கும். சிவப்புன்னா இன்னிக்கும் நாளைக்கும் சம்பளத்தோட லீவு. ஒரு தடவை குடுத்த லீவை யாராலயும் திரும்ப வாங்க முடியாது. மேனேஜருங்க போன் பண்ணிக் கூப்பிட்டுறக் கூடாதில்ல?"

"பொய் சொல்லி ஏமாத்த முடியாதா தம்பி?"

"அது காரணமே கேக்காதே மேடம். அப்புறம் எங்கிருந்து பொய் சொல்றது? நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். தினமும் காலையில முதல் ஆள் நிக்கிறதுக்கு முன்னாடி மெல்லிசுத் துணியால கண்ணாடியைத் துடைச்சிருங்க."

முதலாளி இதை வாங்கியதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் லேத் பிரிவில் தங்கவேல் என்பவர், நெஞ்சு அடைக்கிறது என்று வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, நின்ற இடத்திலேயே சரிந்துவிட்டார். ஆள் பிழைத்துக்கொண்டார், இப்போது ஸ்டோரில் உட்கார்ந்து நட்டு போல்ட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் முதலாளி ஒரு சபதம் போட்டார். இனி வாய் உள்ளவனுக்கு லீவு, வாயில்லாதவனுக்கு வேலை என்று இருக்கக் கூடாது. யார் முகத்தையும் பார்த்துச் சலுகை கிடையாது. மெஷினை மீறி லீவு கொடுக்கவும் கதவு திறக்கவும் ஒரு சாவி உண்டு. அது அவர் இடுப்பில் இருக்கும், அவரும் அதைத் தொடமாட்டார்.

மெஷின் நன்றாகத்தான் வேலை செய்தது. வாய் திறக்காத நாலைந்து பேரை வீட்டுக்கு அனுப்பிப் படுக்க வைத்தது. "வணக்கம். தங்கள் உடலும் உள்ளமும் புத்துணர்வுடன் உள்ளன. இனிய பணிநாள்" என்று பாடப்புத்தகத் தமிழில் அது பேசுவதைக் கேட்டு ஒரு வாரம் எல்லாரும் சிரித்தார்கள். வாசலில் நின்றுகொண்டு வருகிறவர் போகிறவர் முகத்தையெல்லாம் ஆராய்வதால் அதற்கு 'நாத்தனார்' என்று பேர் வைத்தார்கள். ஆவணியில் கல்யாணங்கள் வந்தன. அப்போதும் சிக்கல் இல்லை. கல்யாண வீட்டுக்காரர்களுக்குக் களைப்புக்கா பஞ்சம்? பத்திரிகை கொடுக்க அலைந்தவர்களைப் பார்த்த மாத்திரத்தில் நாத்தனார் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டது.

கோகிலவாணிக்குத்தான் ஏதோ ஒன்று குறைந்த மாதிரி இருந்தது. என்னவென்று புரிய ஒரு மாதம் ஆயிற்று. யார் வீட்டில் காதுகுத்து, யார் வீட்டில் புதுமனை புகுவிழா, யார் பையன் எந்தக் காலேஜில் சேர்ந்தான் என்பதெல்லாம் லீவு லெட்டர் வழியாகத்தான் அவளுக்குத் தெரியவந்துகொண்டிருந்தது. இப்போது யாரும் அவள் அறைக்கு வருவதில்லை. மேஜை சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் சரசாத்தாள் கதவைத் தட்டினாள்.

சரசாத்தாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. வைண்டிங் பிரிவில் பெரிய மோட்டார்களுக்குக் கையால் செம்புக் கம்பி சுற்றுகிறவள். இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு நாளும் கேட்டில் முதல் ஆளாக நிற்பாள். அவள் லீவு லெட்டர் எழுதிக் கோகிலவாணி பார்த்ததே இல்லை.

"மேடம், எனக்கு அடுத்த வாரம் வியாழக்கெழம லீவு வேணுமுங்க."

"உக்காருங்க சரசக்கா. என்ன விசேஷம்?"

"எங்க பாப்பா கவிநிலா கபடி ஆடறா இல்லீங்க? மாநில அளவுல பைனலுக்குப் போயிட்டாளுங்க! தஞ்சாவூர்ல நடக்குதுங்க. இத்தன வருசத்துல அவ ஆடி நான் ஒரு மேட்ச் நேர்ல பாத்ததில்லீங்க. 'அம்மா, இதுக்காச்சும் வருவியா'ன்னு கேட்டுட்டா. வர்றேன்னு சொல்லிப்போட்டேன்."

சொல்லும்போதே அவள் முகம் அப்படி மலர்ந்தது.  இந்த முகத்துக்கு நாத்தனார் ஏழு ஜென்மத்துக்கும் லீவு கொடுக்காது.

சொல்லாமல் கொள்ளாமல் போய்விடலாம்தான். ஆனால் அனுமதியில்லாமல் ஒரு நாள் வராவிட்டால் சர்வீஸ் அறுந்து, குடும்ப மருத்துவ அட்டை ஆறு மாதம் முடங்கிவிடும். சரசாத்தாளின் வீட்டுக்காரருக்கு மாதாமாதம் கண்ணில் ஊசி போடுவது அந்த அட்டையில்தான். ஒரு மாதம் தவறினாலும் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த விதியை எழுதியவளே கோகிலவாணிதான். எழுதும்போது ரொம்பக் கச்சிதமான விதியாகத் தெரிந்தது.

அடுத்த சில நாட்கள் கேட்டில் ஒரே கூத்து. வைண்டிங் பிரிவே சேர்ந்து சரசாத்தாளுக்குக் களைப்பாக இருக்கப் பயிற்சி கொடுத்தது. "அக்கா, தோளைத் தொங்கப் போடுங்க. கண்ணைப் பாதி மூடுங்க. சோகமா ஏதாச்சும் நெனைங்க" என்றாள் பக்கத்து மேஜைக்காரி பூவாத்தாள். சரசாத்தாள் ஒரு நாள் கம்பெனியைச் சுற்றி நாலு ரவுண்டு ஓடிவிட்டு வந்து நின்றாள். ஒரு நாள் சாப்பிடாமல் வந்தாள். கண்ணாடி முன் நின்றதும் பாப்பா ஞாபகம் வந்துவிடும். முகத்தில் ரத்தம் குப்பென்று பாயும்.

"வணக்கம். தங்கள் உடலும் உள்ளமும் மிகுந்த புத்துணர்வுடன் உள்ளன."

"போடி போ!" என்று நாத்தனாரைத் திட்டிவிட்டு அவள் உள்ளே போவாள்.

அதே வாரம் மயில்சாமி என்பவர் பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். மனம் நொந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, வீட்டில் போய் ஓய்வெடுக்கும்படி அதே பெண்டாட்டியிடம் அவரை இரண்டு நாள் திருப்பி அனுப்பியது நாத்தனார். அவர் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்தே லீவைக் கழித்தார்.

கோகிலவாணி பிரணவுக்குப் போன் செய்தாள். "சந்தோஷத்துக்கு லீவு குடுக்க அதுல வழி இருக்கா தம்பி?"

"சந்தோஷமா இருக்கிறவங்களுக்கு எதுக்கு மேடம் லீவு?" என்று அவன் உண்மையாகவே புரியாமல் கேட்டான். அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கேள்வியை ஆடி மாதம் யாராவது கேட்டிருந்தால் அவளும்தான் தலையாட்டியிருப்பாள்.

கடைசியில் முதலாளியிடமே போனாள். குழந்தைசாமி முழுக் கதையையும் கேட்டார். மீசையைத் தடவினார்.

"சரசுக்குக் குடுக்கக் கூடாதுன்னா சொல்றேன் அம்மிணி? இன்னிக்கு அதுக்குச் சாவியப் போட்டு லீவு குடுத்தா, நாளைக்கு எம் மச்சான் பையன் வந்து நிப்பான். நாளன்னைக்கு யூனியன் தலைவரு வருவாரு. வாயில்லாத தங்கவேலு மறுபடி பின்னாடி போயிருவான். ஊரு முன்னால சொன்ன சொல்லு. நான் மீற முடியாது."

"அந்தப் புள்ள ஒரு தடவைதானுங்க சார் பைனல் ஆடும்."

"அது எனக்குந் தெரியுது. நீ போ."

வெளியே வந்து கோகிலவாணி கணக்குப் போட்டுப் பார்த்தாள். பத்தொன்பது வருஷம் எத்தனையோ பொய்க்கு லீவு கொடுத்திருக்கிறாள். முதல்முறையாக வந்த பச்சை உண்மைக்குக் கொடுக்க முடியவில்லை.

திங்கட்கிழமை ஆயுத பூஜை. லேத்துகளுக்கும் டிரில்லிங் மெஷின்களுக்கும் விபூதிப் பட்டை அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, கட்டிங் பிளேயர் வரைக்கும் கழுவித் துடைத்து அடுக்கினார்கள். அந்த வருஷம் வந்த புது மெஷினுக்கு முதலாளி கையால் முதல் பொட்டு வைப்பது அந்தக் கம்பெனி வழக்கம். அந்த வருஷத்துப் புது மெஷின் நாத்தனார்தான். வாழைக்கன்று கட்டி மாலை போட்டதும் கம்பத்துக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது.

"ஏனுங் முதலாளி, இதுக்கு நெத்தி எங்கீங்க இருக்குது?" என்று யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

முதலாளியும் சிரித்துக்கொண்டே, கெட்டிச் சந்தனத்தை இரண்டு விரலால் வழித்து வட்டக் கண்ணாடியின் நட்டநடுவில் அப்பி, ஓரம் வரை மெல்லிசாக இழுத்துவிட்டார். அதன் மேல் குங்குமம் வைத்தார். கற்பூரம் காட்டினார்கள். பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு எல்லாரும் கலைந்தார்கள். பூஜை போட்ட பொருளை மறுநாள் விஜயதசமி லீவு முடியும்வரை யாரும் தொடுவதில்லை, கோகிலவாணியும் தொடவில்லை.

புதன்கிழமை காலை. துடைக்கிற துணியோடு கோகிலவாணி கேட்டுக்கு வந்து சேர்வதற்குள் மயில்சாமி கண்ணாடி முன் நின்றுவிட்டார். வாய் நிறைய வெற்றிலை, முகம் நிறையச் சிரிப்பு. பெண்டாட்டியோடு சமாதானம் ஆகிவிட்டது போல.

"வணக்கம். தங்கள் முகத்தில் இரத்த ஓட்டம் வெகுவாகக் குறைந்துள்ளது. இன்றும் நாளையும் ஓய்வு" என்றது நாத்தனார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"அய்யய்யோ, மறுபடியுமா!" என்றார் மயில்சாமி.

கோகிலவாணி நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடி முழுக்கக் காய்ந்த சந்தனம். அந்த மஞ்சளுக்குப் பின்னாலிருந்து பார்த்தால் எந்த முகமும் சோகை பிடித்த மாதிரிதானே தெரியும்! துணியோடு கை மேலே போனது.

பாதி வழியில் நின்றது.

இன்றும் நாளையும். நாளைதான் வியாழக்கிழமை.

சரசக்கா எங்கே? தினமும் முதல் ஆளாக நிற்கிறவளை இன்றைக்குப் பார்த்துக் காணோம். கோகிலவாணி துணியைக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள். சாலையை எட்டிப் பார்த்தாள். இரண்டாவது ஆள் நின்றார், சிவப்பு. மூன்றாவது, சிவப்பு. நாலாவதாக வந்த வாலிபன் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டே வந்தான். அவனுக்கும் "தங்கள் நிலை கவலைக்குரியது" என்று சிவப்பு.  கண்ணாடியைத் துடைப்பது கோகிலவாணிக்கென்று எழுதி வைத்த வேலை. வேலை போனாலும் போகும். எட்டாவது ஆள் போனார். பத்தாவது. வெளியே லீவு கிடைத்தவர்கள் கும்பலாக நின்று ஒருவர் முகத்தை ஒருவர் கவலையோடு பார்த்து, நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

பதினாலு பேர் போன பிறகு சரசாத்தாள் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"பஸ்ஸு வந்து தொலையலீங்க மேடம்! எவனோ நடுரோட்டுல திருஷ்டிப் பூசணிக்காய் ஒடச்சுப் போட்டிருக்கறான். இப்பப் புதுசா விட்டிருக்கற டிரைவர் இல்லாத பஸ்ஸு அதைப் பாத்துட்டு, எதுரே தடங்கல், தாண்ட மாட்டேன்னு நின்னுபோச்சு. எல்லாருமா எறங்கிக் கூட்டித் தள்ளினாத்தான் நகந்துச்சு. சனியன் புடிச்ச பஸ்ஸு!"

"பேசாம வந்து நில்லுங்க சரசக்கா" என்றாள் கோகிலவாணி.

"வணக்கம். தங்கள் முகத்தில் இரத்த ஓட்டம் வெகுவாகக் குறைந்துள்ளது. இன்றும் நாளையும் ஓய்வு."

சரசாத்தாள் அப்படியே நின்றாள். "நெசமாவா?" என்று மெஷினையே திருப்பிக் கேட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, முந்தானை பறக்கச் சாலையைப் பார்த்து ஓடினாள். கோகிலவாணி ஒரே மூச்சில் கண்ணாடியைத் துடைத்தாள். பதினாறாவது ஆளுக்குப் பச்சை விளக்கு வந்தது. திரும்பிப் பார்த்தால் மாடி ஜன்னலில் முதலாளி நின்றுகொண்டிருந்தார். பிறகு ஜன்னலில் ஆளைக் காணோம்.

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. கூப்பிட்டு அனுப்புவார் என்று காத்திருந்தாள். மத்தியானம் வைண்டிங் பிரிவுப் பக்கம் போனவள் திகைத்துப்போனாள். சரசாத்தாளின் ஸ்டூலில் முதலாளி கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். அவர் தொழில் தொடங்கியதே வைண்டராகத்தான். அவளைப் பார்த்து, "ஆள் இல்லீன்னா வேலை நிக்குமா?" என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை சாயங்காலம் தஞ்சாவூரிலிருந்து போன் வந்தது. போனது சரசாத்தாள் மட்டுமில்லை. காரணம் தெரியாமல் லீவு கிடைத்த பதினாலு பேரும் கேட்டருகிலேயே ஓடினவளை மறித்துக் கதையைக் கேட்டு, ஒரு வேன் பிடித்துக்கொண்டு தஞ்சாவூருக்குக் கிளம்பியிருக்கிறார்கள்! மயில்சாமி பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். கம்பெனி கேன்டீனில் எல்லாரும் போனைச் சுற்றி நின்று கேட்டார்கள். கடைசி நிமிஷத்தில் கவிநிலாவின் அணி ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. இதற்காகவா இவ்வளவு பாடு என்று கோகிலவாணிக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை எல்லாருக்கும் முன்னால், முதல் ஆளாகச் சரசாத்தாள் வந்து நின்றாள். ராத்திரி முழுக்க வேனில் வந்திருக்கிறாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. கண் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தன. ஆனால் முகம்? தோற்ற வீட்டு முகமாகவே இல்லை.

"மேடம், பாப்பா ஒரே மூச்சுல நாலு பேரைத் தொட்டுட்டு வந்தாளுங்க! நாலு பேர்! எங்காளுங்க போட்ட கூச்சல்ல கூடாரமே ஆடிப்போச்சு. உள்ள போயி எல்லார்கிட்டயும் சொல்லோணும்" என்று காற்றாகப் பேசினாள்.

துடைத்துப் பளபளவென்றிருந்த கண்ணாடி அவளைப் பார்த்தது.

"வணக்கம். தங்கள் உடல் மிகவும் தளர்ந்துள்ளது. இன்றும் நாளையும் ஓய்வு."

"அட நாசமாப் போனவளே! கேட்டப்பக் குடுக்க மாட்டே, வேண்டாங்கறப்பக் குடுப்பியா?" சரசாத்தாள் சுழல்கதவைப் பிடித்து உலுக்கினாள். "நான் வேலைக்குப் போகோணும்!"

அதற்குள் முதலாளியின் கார் வந்து நின்றது. இனிமேல் தாங்காது என்று கோகிலவாணிக்குத் தோன்றிவிட்டது. நேரே போய் அவர் எதிரில் நின்றாள்.

"சார், புதன்கிழமை கண்ணாடியில சந்தனம் இருந்ததுங்க. முதல் ஆள் நிக்கும்போதே பார்த்துட்டனுங்க. வேணும்னேதான் துடைக்காம விட்டேன். நீங்க என்ன சொன்னாலும் சரிங்க."

குழந்தைசாமி கார்க் கதவைச் சாத்தினார்.

"முப்பத்தெட்டு வருசமா மெஷினுக்குப் பொட்டு வெக்கறேன் அம்மிணி. ஒரு தடவையாச்சும் கண்ணாடி மேல வெச்சுப் பாத்திருக்கறயா?"

கோகிலவாணிக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஊரு முன்னால சொன்ன சொல்லை மீற முடியாது. பொட்டு வெக்கறதுக்கு யாரு கேக்கப் போறா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "பூஜைப் பொட்டைத் துடைக்க நீ கொஞ்சம் தயங்குவே, சரசு தினமும் மொத ஆளா வரும், அது ஒண்ணு போயிரும், அப்புறம் நீ துணியோட வந்து துடைச்சிருவேன்னு பாத்தேன். எவனோ பூசணிக்காய் ஒடச்சதுல பதினஞ்சு பேரு போயிட்டாங்க! ரெண்டு நாளா கம்பி சுத்தி எனக்கு வெரலெல்லாம் வீங்கிக் கெடக்குது. எங்கே நீ பாதியிலயே துடைச்சுப் போடுவியோன்னு மாடியில நின்னுட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா சரசக்கா வர்ற வரைக்கும் கேட்டையே திறக்காம வெச்சிருப்பனே சார்!"

முதலாளி இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றினார்.

"வாயத் தொறக்காதவங்களை மெஷின் பாத்துக்கட்டும். வாயத் தொறந்து கேக்கறவங்களை நீ பாத்துக்கோ. பத்தொம்பது வருசமா பொய் எது நெசம் எதுன்னு பிரிச்சுப் பாத்தவ நீ. உன்னை விட்டுட்டு ஒரு கம்பத்துகிட்டச் சாவியக் குடுத்தது என் தப்பு."

சாவி சின்னதுதான், கையில் வாங்கியபோது கனமாகத் தெரிந்தது. சரசாத்தாள் இன்னும் கதவை உலுக்கிக்கொண்டிருந்தாள். கோகிலவாணி போய் கம்பத்தின் பக்கவாட்டில் இருந்த துவாரத்தில் சாவியைப் போட்டுத் திருப்பினாள். துவாரத்துக்கு மேலிருந்த சின்னத் திரையில் 'காரணம்' என்று ஒரு கட்டம் வந்தது. இந்த மெஷின் முதல்முறையாகக் காரணம் கேட்கிறது. அவள் கொஞ்சம் யோசித்து, 'கதை சொல்ல வேண்டியிருக்கிறது, அரை மணி நேரம்' என்று தட்டினாள்.

பச்சை விளக்கு எரிந்தது. சரசாத்தாள் உள்ளே ஓடினாள். அரை மணி நேரம் என்றுதான் போட்டிருந்தாள். அந்தக் கதை முடிவதற்குள் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.